படல் சாத்தத் தெரிந்தவர்கள்

மாரண்டஹள்ளிப் பக்கம் நல்ல மழை ஒன்று விழுந்தால், ஒரு வாரத்தில் மானாவாரித் தரிசெல்லாம் பச்சை கட்டிவிடும். அந்தப் பச்சையைக் கண்டதுமே நாம் மாட்டை அவிழ்த்து விடுகிறோம். அவசரப்படாத ஒரு மேய்ச்சல் முறையைப் பற்றி இன்று சொல்லுகிறேன். அதுதான் காங்கேயம் சீமையின் கொறங்காடு.

அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழைதான். நம் தருமபுரிக்கு அதைவிடக் கூடுதலாகவே பெய்கிறது. அந்தச் சரளை நிலத்தில் உழவர்கள் கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி அடைத்தார்கள். இடையிடையே வெள்வேலமரத்தை விட்டுவைத்தார்கள். தரையில் கொழுக்கட்டைப் புல்லைக் காத்தார்கள். பேர்போன காங்கேயம் மாடு இந்தக் காட்டில் மேய்ந்து வளர்ந்ததுதான். கோடையில் புல் காய்ந்தாலும் உதிரும் வெள்வேலங்காய் தீனியாகும்.

ஆனால் இந்தக் கலையின் உயிர், வேலியைவிட அதன் வாயிலை அடைக்கும் படலில்தான் இருக்கிறது. எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்பதே வித்தை. கொழுக்கட்டைப் புல்லின் ஒரு தூரைப் பிடித்துப் பாருங்கள். அடித்தண்டு சற்றுத் தடித்திருக்கும். மேய்ந்தபின் மறுபடி துளிர்க்கும் சத்து அங்கேதான் சேர்ந்திருக்கிறது. துளிர்த்ததும் மறுபடி கடித்தால் அந்தச் சேமிப்பு கரைந்து தூர் செத்துப்போகும். அதனால்தான் காட்டைப் பல துண்டாக அடைத்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறப்போடுகிறார்கள்.

மேயும் வாயையும் கவனிக்க வேண்டும். மாடு நாக்கால் சுற்றி இழுத்து மேயும். அடியைக் கொஞ்சம் விட்டுவைக்கும். செம்மறியோ தரையோடு ஒட்டக் கறிக்கும். ஆகவே முதலில் மாடு, பிறகு அளவாக ஆடு.

இதே கொழுக்கட்டைப் புல்லை ஆஸ்திரேலியாவில் இறைச்சி மாட்டுப் பண்ணைகளுக்காகப் பரவலாக விதைத்தார்கள். அங்கே அது காட்டுச் செடிகளை நெருக்கும் களையாகவும் ஆகிவிட்டது. நமக்கோ அது சொந்த மண்ணின் புல்.

ஆலம்பாடி மாட்டுக்குப் பேர்பெற்ற மாவட்டம் நம்முடையது; இங்கும் இந்த முறையைச் செய்து பார்க்கலாம். அடுத்த மழைக்கு உங்கள் தரிசில் ஒரு மூலையை மட்டும் அடைத்து வையுங்கள். கொழுக்கட்டை விதை தூவுவதானால் அறுத்த உடனே வேண்டாம். சில மாதம் வைத்திருந்து தூவினால்தான் நன்றாக முளைக்கும். முளைத்த புல்லில் கதிர் முற்றி விதை தானாக உதிரட்டும். அதன்பிறகு படலைத் திறந்துவிடுங்கள்.