கோவிலைக் காத்த ஊர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் செம்பட்டிக்காரன். எங்க ஊர்ல இருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினால், தென்னந்தோப்புகளுக்கு அப்பால் சிலுவை வைத்த கோபுரம் கண்ணில் படும். நம்ம பகுதியில் மாதா கோவில், அந்தோணியார் கோவில், செபஸ்தியார் கோவில் என்று கிராமத்துக்குக் கிராமம் உண்டு. அவற்றைக் கட்டியது வெள்ளைக்கார சாமியார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கட்டியது யார் என்பது ஒரு கேள்வி. காத்தது யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஐரோப்பாவில் இடைக்காலத்துக் கிராமத்துக் கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் பீடம் இருக்கும் பகுதியைப் பராமரிப்பது குருவின் பொறுப்பு. மக்கள் நிற்கும் பகுதியைப் பராமரிப்பது ஊரின் பொறுப்பு. கூரை ஒழுகினால் ஊர்தான் பணம் புரட்ட வேண்டும். அதற்காக ஊரே சேர்ந்து பார்லி மது காய்ச்சி, விருந்து வைத்து, விற்று வந்த காசில் ஓடு மாற்றினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்குச் சுவரில் வேதக் கதைகளைப் படமாக எழுதி வைத்தார்கள். கோவில் என்றால் ஊர்ச் சாவடி, பள்ளிக்கூடம், நாடகமேடை எல்லாம் அதுதான்.

நம்ம கதைக்கு வருவோம். 1606-ல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அந்த மதுரை மிஷன்தான் நாளடைவில் நம்ம கிராமங்களுக்கும் வந்தது. 1693-ல் அருளானந்தர் ஓரியூரில் வெட்டுண்டு இறந்தார். 1747-ல் வீரமாமுனிவர் மறைந்தார். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. 1773-ல் போப்பாண்டவர் பதினான்காம் கிளமெந்து இயேசு சபையையே கலைத்துவிட்டார். அந்தச் சபைக் குருமார் மறுபடி மதுரை மிஷனுக்கு வந்தது 1830-களின் கடைசியில். கணக்குப் போட்டுப் பாருங்கள், அறுபது வருஷத்துக்கு மேல்! இடையில் கோவாவிலிருந்து சில குருமார் வந்தார்கள். ஆனால் இவ்வளவு பெரிய சீமைக்கு அவர்கள் எங்கே காணும்?

அந்த அறுபது வருஷமும் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டது உபதேசியார், கோவில்பிள்ளை, ஊர்ப் பெரியவர்கள், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்த பெண்கள். சாவு வீட்டில் செபம் சொன்னது அவர்கள். உயிர் போகிற நிலையில் கிடந்த குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தது அவர்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஊர் கோவிலை எப்படிக் காக்கும் என்பதை இன்றைக்கும் பார்க்கலாம். ஆகஸ்டு மாதம் திண்டுக்கல் முத்தழகுபட்டிக்குப் போங்கள். செபஸ்தியார் திருவிழாவுக்கு ஆடு, கோழி, அரிசி, காய்கறி என்று காணிக்கை வந்து குவியும். விடிய விடிய அண்டா அண்டாவாகச் சமைத்து, வந்தவருக்கெல்லாம் போடுவார்கள். என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. செபஸ்தியார் கொள்ளைநோய்க்குக் காவல் என்று ஐரோப்பா இடைக்காலத்தில் நம்பியது. நம்ம ஊரில் காலராவுக்கும் அம்மைக்கும் அவரையே கும்பிட்டார்கள். பயம் ஒன்றுதான், பந்தியும் ஒன்றுதான். கொசவபட்டியில் அந்தோணியார் திருவிழாவுக்கு ஜல்லிக்கட்டு. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் வியாகுல மாதா கோவில் பாஸ்கு. ஜெர்மனியின் ஒபரம்மர்காவ் ஊரார் 1633-ல் கொள்ளைநோய்க்குப் பயந்து நேர்ந்துகொண்டு, 1634-லிருந்து பாஸ்கு நடத்தி வருவதை உலகமே போய்ப் பார்க்கிறது. நம்ம பாஸ்குவை நாம் போய்ப் பார்த்தோமா?

பெருமை மட்டும் பேசிவிட்டு இறங்கினால் அது நேர்மையாகாது. ஊர் என்று சொன்னோமே, அந்த ஊருக்குள்ளே சாதியும் இருந்தது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த கோவிலில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்தச் சுவரே இருந்தது. 1910-ல்தான் அது இடிபட்டது. கல்லறைத் தோட்டத்திலும் சப்பரம் போகும் தெருவிலும் அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் பல ஊர்களில் நிற்கிறது. கோவிலைக் காத்தது ஊர் என்றால், அந்த ஊரில் எல்லாரும் அடக்கமா என்று கேட்கிற கடமையும் நமக்கு இருக்கிறது. ஒரே அண்டாவில் சோறு எடுத்தவன், ஒரே தோளில் சப்பரம் தூக்கக் கூடாதா?

மாணவச் செல்வங்களிடம் ஒரு வேண்டுகோள். 1563-ல் திரெந்து சங்கம் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஏட்டில் எழுதச் சொன்னது. அதனால்தான் பங்குக் கோவில்களில் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. பட்டா இல்லாத ஏழைக்கும் அந்த ஏட்டில் அப்பன் பெயர், ஆத்தா பெயர், ஞானத்தாய் தகப்பன் பெயர் உண்டு. செல்லரிக்கும் முன் பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். கையில் போன் இருக்கிறதே! வாத்தியார்மார் கையால் எழுதிய பாஸ்கு ஏடுகள் வீட்டுப் பரணில் கிடந்தால் கேட்டு வாங்கிப் படி எடுங்கள். பாட்டிமார் பாடும் பழைய செபப் பாட்டுகளைப் பதிவு செய்யுங்கள். 2003-ல் திருச்சியிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆனது. ஆயர் இல்லம் வந்துவிட்டது, அலுவலகம் வந்துவிட்டது. ஆனால் கிராமத்தின் கதையைக் கிராமத்துப் பிள்ளைதான் எழுத முடியும்.

பழைய கோவிலை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கூட்டம் பெருகினால் கட்டத்தான் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. இடிப்பதற்கு முந்தின நாளாவது அளவெடுங்கள், படம் பிடியுங்கள், மூத்தவர்களிடம் யார் மண் சுமந்தது என்று கேட்டு எழுதுங்கள். மொட்டைக் கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் மட்டும் இருந்தால் போதாது.