பழைய வாட்ச் விற்போருக்கும் வாங்குவோருக்கும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னை சைபர் மோசடி பற்றிப் பேசச் சொன்னார். அதைத்தான் எல்லா பேங்குகளும் தினமும் எஸ்.எம்.எஸ். அனுப்பிச் சொல்கின்றனவே! கடைசியில் கொஞ்சம் தொடுகிறேன். நான் எடுத்துக்கொண்டது, நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி மனஸ்தாபத்தில் முடிகிற விஷயம்: பழைய கைக்கடிகாரம் விற்பதும் வாங்குவதும்.

வேறு ஊரில் இதைப் பேசினால் சிரிப்பார்கள். ஓசூரில் சிரிக்க முடியாது. டாடா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் கம்பெனியின் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு; அங்கே 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி ஒத்துழைப்போடு எச்.எம்.டி. வாட்ச் வந்தது. அதனால் நம் பிளாக்குகளில் பல வீட்டு பீரோக்களில் அப்பா கட்டியது, மாமனார் கொடுத்தது என்று ஒன்றாவது தூங்கிக்கொண்டிருக்கும். எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு, பழைய ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் தனி மவுசு. மவுசு வந்த இடத்துக்குப் பெயிண்ட் டப்பாவும் வந்தது.

அது என்னவென்றால், மங்கிப்போன டயலைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வர்ணம் அடித்து, கம்பெனி பெயரையும் அச்சடித்துவிடுவார்கள். கம்பெனி ஒருநாளும் போடாத நிறத்தில்கூட வருகிறது. உள்ளே இருக்கும் மெஷின் ஒரு வாட்ச்சினுடையது, முள் இன்னொன்றினுடையது, கேஸ் மூன்றாவது. ஓடும், நேரமும் சரியாகக் காட்டும். ரிப்பேர் செய்வதிலோ டயல் மாற்றுவதிலோ தப்பே இல்லை. அதைச் சொல்லாமல் "ஒரிஜினல் கண்டிஷன்" என்று போடுவதில்தான் தகராறு.

"அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, இதில் என்ன மோசடி?" என்று நம் குழுவிலேயே ஒருவர் எழுதியிருந்தார். பி.காம். படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் இதற்கென்றே உதாரணங்கள் இருக்கின்றன. ஒருவர் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறார். அதற்கு நோய் என்று அவருக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். ஆக, குழுவில் எழுதியவர் சொன்னது பாதி சரி.

மீதிப் பாதி அடுத்த இரண்டு உதாரணங்களில் இருக்கிறது. அதே குதிரையை வாங்குவது இப்போதுதான் மேஜரான அவருடைய சொந்த மகள் என்றால், குறையைச் சொல்வது அவர் கடமை. உறவு வந்தால் மௌனம் செல்லாது. இன்னொன்று: வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். விற்பவர் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

என் கட்சி இதுதான். முகம் தெரியாத ஆளிடம் ஆன்லைனில் வாங்கும்போது, கடைசி உதாரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். "டயல் மறுவர்ணம் இல்லை, மெஷின் மாற்றியதில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று எழுத்தில் கேளுங்கள். நேர்மையானவர் உடனே பதில் போடுவார். நமக்குள் விற்கும்போது மகள் உதாரணம்தான் பொருந்தும். ஒரே லிஃப்ட்டில் ஏறுகிறோம், ஒரே டேங்கரில் தண்ணீர் வாங்குகிறோம். கேட்டால்தான் சொல்வேன் என்பது இங்கே எடுபடாது.

நகைக்கடனில் மதிப்பீட்டாளர் கல்லையும் அரக்கையும் கழித்து நிகர எடை சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். வாட்ச் விற்பவரும் கழிக்க வேண்டியதைத் தானே கழித்துச் சொல்ல வேண்டும். கீ கொடுக்கிற வாட்ச் என்றால் கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தது, ஒரு நாளில் எவ்வளவு பிந்துகிறது. பேட்டரி வாட்ச் என்றால், தீர்ந்த பேட்டரி உள்ளேயே வருஷக்கணக்கில் கிடந்ததா என்பது முக்கியம். அது கசிந்தால் மெஷினையே அரித்துவிடும். பின்மூடியைத் திறந்து எடுத்த படம் ஒன்று வேண்டும். நெட்டில் சுட்ட படம் வேண்டாம்.

இப்போது இதைத் திருப்பிப் பார்ப்போம். கணவர் காலமான ஒரு அம்மா, பெட்டியில் இருந்த நாலு வாட்ச்சையும் "எதுவானாலும் ஐந்நூறு" என்று குழுவில் போடுகிறார் என்று வையுங்கள். அதில் ஒன்று பல மடங்கு போகும் என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சட்டப்படி நீங்கள் பேசாமல் ஐந்நூறை அனுப்பிவிட்டு எடுத்துவரலாம். வருஷக்கணக்கில் தேடித் தெரிந்துகொண்ட அறிவுக்குக் கூலி வேண்டாமா என்றும் கேட்பீர்கள். வியாபாரியிடம் அந்தச் சாமர்த்தியத்தைக் காட்டுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். அந்த அம்மாவிடம், "இது மட்டும் நல்ல விலைக்குப் போகும், முதல் உரிமை எனக்குக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வாங்குவதே முறை.

விலை பேசுவதில் சில்லறை விஷயங்கள்தான். வணக்கம்கூடச் சொல்லாமல் "லாஸ்ட் பிரைஸ்?" என்று ஒரே வரி அனுப்புவதைத் தயவுசெய்து விடுங்கள். போனில் விலை முடித்துவிட்டு, பெங்களூரிலிருந்து ஆளை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரவழைத்து, அங்கே ஐந்நூறு குறைக்கச் சொல்வது அநியாயம். சொல்லாத குறை கண்ணில் பட்டால் அது வேறு. தாராளமாகக் குறைக்கச் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அதேபோல், ஒருவருக்குச் சரி என்ற பிறகு இன்னொருவர் இருநூறு கூடத் தருகிறார் என்று மாறுவதும் கூடாது.

கூரியரில் அனுப்புவதில் ஒரு சிக்கல் பலருக்குத் தெரியாது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவுப்படி, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், பொருளைக் கொண்டுசெல்பவரிடம் கொடுத்தாலே வாங்குபவரிடம் கொடுத்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும். ஆனால் பொருளின் தன்மைக்கு ஏற்ற ஏற்பாட்டை விற்பவர் செய்திருக்க வேண்டும். சாதா கவரில் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டு, கண்ணாடி உடைந்தால் கூரியர்காரனைக் கேள் என்பது அந்த ஏற்பாடு ஆகாது. வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். கட்டும்போது அவர் ஒரு வீடியோ, பிரிக்கும்போது இவர் ஒரு வீடியோ. இதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கவுண்டரில் வாடிக்கையாளர் எதிரிலேயே நோட்டு எண்ணுகிற மாதிரிதான் இது.

செயலாளர் கேட்டதற்கு வருகிறேன். பணம் வருவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. "வாட்ச்சுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்று யாராவது சொன்னால், பணம் போவது உங்கள் கணக்கிலிருந்து. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். நான் சொன்ன விற்பனைச் சட்டத்தின் வருஷமும் அதே எண்தான், மறக்காது.

டி பிளாக் நண்பர் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார். கேளுங்கள் சார்.