செவியும் இசைக்கவையும்

காது மந்தமாவதற்குக் காரணம் ஒன்றல்ல. குறும்பி அடைத்தாலும், செவிப்பறை கிழிந்து சீழ் வடிந்தாலும், உட்செவி நரம்பு க்ஷீணித்தாலும் சப்தம் குறைந்தே கேட்கும். காரணத்தைப் பிரித்தறிய வைத்தியர், இசைக்கவை என்னும் சிறிய உலோகக் கருவியைத் தட்டி அதிரவிட்டு, முதலில் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் ஊன்றி, பிறகு காதருகே பிடித்து, எங்கே உரக்கக் கேட்கிறது என்று வினவுகிறார். எலும்பில்தான் உரக்கக் கேட்கிறதென்றால், வாசற்கதவு சாத்தியிருக்கிறது, வீட்டுக்காரர் விழித்திருக்கிறார் என்பது போல, கோளாறு பெரும்பாலும் வெளிச்செவியிலோ நடுச்செவியிலோதான். அது பல சமயங்களில் சிகிச்சைக்கு வசப்படுவது என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆகையால், காரணம் அறியுமுன் கொண்டை ஊசியால் குடையாதீர்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். ஒரு காது திடீரென்று கேளாமற்போனால், தயவுசெய்து அன்றைக்கே வைத்தியரிடம் செல்லுங்கள்.