கார் கம்பெனிக்கே கிடைக்காத பெயர்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் சந்திக்கும் ஒரகடம் கூட்டுரோட்டுப் பக்கம் போனால் பெயர்ப்பலகைகளுக்குப் பஞ்சமே இல்லை. உலகம் அறிந்த கம்பெனிகளின் பலகைகளுக்கு இடையிடையே லேத் பட்டறை, பிரஸ் ஷாப், டிபன் மெஸ், லேடீஸ் ஹாஸ்டல் என்று நம்மவர்களின் பலகைகளும் உண்டு. அந்தச் சின்னப் பலகைக்காரர்களுக்கு வணிகக்குறி, அதாவது டிரேட்மார்க், பதிவு செய்து கொடுப்பது என் தொழில். இப்போதெல்லாம் அவர்கள் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வியே வேறு. “சார், இன்ஸ்டாவுல நம்ம கம்பெனி பேரை வேற யாரோ வச்சிருக்காங்க. வாங்கித் தர முடியுமா?”

முடியுமா என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கதை சொல்கிறேன். எந்த மேடை கிடைத்தாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் கார் தொழிற்சாலை 2010-ல் திறக்கப்பட்டது. நிசான் எவ்வளவு பெரிய கம்பெனி என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நிசான் டாட் காம் என்ற இணைய முகவரி அந்தக் கம்பெனியிடம் இருக்கவில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் கம்ப்யூட்டர் வியாபாரம் செய்துவந்த உஸி நிசான் என்பவரிடம் இருந்தது. ஜெருசலேமில் பிறந்தவர். நிசான் என்பது அவருடைய குடும்பப் பெயர். 1980-ல் அந்தப் பெயரில் கார் ரிப்பேர் கடை திறந்தார். அப்போது ஜப்பான் கம்பெனி அமெரிக்காவில் தன் கார்களை ‘டாட்சன்’ என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தது. டாட்சன் என்றதும் நம் பகுதி நேயர்களுக்கு நினைவு வந்திருக்குமே? ஆமாம், அதே டாட்சன்தான். பல வருஷம் கழித்து, 2014-ல், ஒரகடத்தில் செய்த ‘டாட்சன் கோ’ காராக மறுபடி வந்து, 2022-ல் நின்றுபோனது.

கதைக்கு வருவோம். உஸி நிசான் 1991-ல் கம்ப்யூட்டர் கடை ஆரம்பித்து, 1994-ல் நிசான் டாட் காம் முகவரியைத் தன் பெயருக்குப் பதிவு செய்தார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்டில்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கார் கம்பெனி விழித்துக்கொண்டு 1999 டிசம்பரில் வழக்குப் போட்டது. முகவரியும் வேண்டும், ஒரு கோடி டாலர் இழப்பீடும் வேண்டும் என்றது. ஒரு தனிமனிதர் என்ன செய்வார்? அவர் நின்று போராடினார். கீழ்கோர்ட், 2004-ல் மேல்முறையீட்டுக் கோர்ட் என்று நடந்த வழக்கை, 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மறுத்தது. முகவரி அவரிடமே தங்கியது.

ஒரே ஒரு இடத்தில்தான் அவர் கை தாழ்ந்தது. அந்தப் பக்கத்தில் கார் சம்பந்தமான விளம்பரங்களைச் சேர்த்திருந்தார். கார் கம்பெனியைத் தேடி வருகிறவர்களை வைத்துக் காசு பார்ப்பது செல்லாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. கம்ப்யூட்டர் வியாபாரத்துக்குத் தன் பெயரை வைத்துக்கொள்வதை அது தடுக்கவில்லை. வழக்குச் செலவு அவரை வாட்டி எடுத்தது. 2020 ஜூலையில் அவர் காலமானார். அமெரிக்காவில் அந்தக் கார் கம்பெனி அவர் காலம்வரை தன் பெயருக்குப் பின்னால் யூஎஸ்ஏ என்று ஒட்டவைத்துத்தான் இணையப் பக்கம் நடத்தியது.

அதனால்தான், “அவன் சின்ன ஆளு சார், நாம நூறு பேருக்கு வேலை கொடுக்கிறோம்” என்று யாராவது ஆரம்பித்தால் நான் கையமர்த்திவிடுவேன். நம் சட்டமும் அளவு பார்ப்பதில்லை. 1999-ன் வணிகக்குறிச் சட்டத்தில் 34-வது பிரிவு, நமக்கு முன்பிருந்தே ஒரு பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறவரை, நாம் பதிவே செய்திருந்தாலும் தடுக்க முடியாது என்கிறது. 35-வது பிரிவு, நல்லெண்ணத்தோடு சொந்தப் பெயரில் தொழில் செய்கிறவருக்குக் காவல். எதிர்த்திசையிலும் ஒரு வழக்கு உண்டு. நம் சென்னையின் சிஃபி நிறுவனத்தின் பெயரை ஒட்டி, ஒரு எழுத்தைக் கூட்டி, இன்னொருவர் முகவரி வாங்கினார். 2004-ல் உச்ச நீதிமன்றம் சிஃபி பக்கம் நின்றது. வணிகக்குறிக்கு உள்ள பாதுகாப்பு இணைய முகவரிக்கும் உண்டு என்று இந்தியாவில் உறுதியானது அந்தத் தீர்ப்பில்தான்.

இதுவரை சொன்னது இணைய முகவரி, வருஷாவருஷம் பணம் கட்டி வைத்துக்கொள்வது. இன்ஸ்டாவிலும் எக்ஸிலும் நாம் வைத்திருக்கும் யூசர்நேம் வாடகைக் குடித்தனம் மாதிரி; வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் கிளம்ப வேண்டியதுதான். 2023 ஜூலையில் டுவிட்டர் எக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டபோது, எக்ஸ் என்ற ஒற்றை எழுத்து யூசர்நேமை சான்ஃபிரான்சிஸ்கோ புகைப்படக்காரர் ஒருவர் 2007-லிருந்து வைத்திருந்தார். நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. காசு கொடுக்கவில்லை. கம்பெனிப் பொருட்கள் தருகிறோம், அலுவலகத்தைச் சுற்றிக் காட்டுகிறோம் என்றார்கள்! ஆனால் வீட்டுக்காரருக்கு உள்ள அந்த அதிகாரம், பக்கத்துக் குடித்தனக்காரரான நமக்குக் கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? முதலில், வைத்திருப்பது யார் என்று பாருங்கள். மெஸ் நடத்தும் ஒரு அக்கா, தன் மெஸ் பெயரை யாரோ திருடிவிட்டார்கள் என்று கொதித்துப்போய் வந்தார். அந்தப் பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தால், முதல் படத்தில் அவரே குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டு நிற்கிறார். திறப்பு விழாவுக்குப் படம் எடுத்த தம்பி, தன் போன் நம்பரில் பேஜ் ஓபன் செய்து கொடுத்துவிட்டு, வேறு வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டார். ஒரு போன் போட்டோம். தம்பி ஓடிபி சொன்னார், பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டோம், வேலை முடிந்தது. சிரிக்காதீர்கள், என்னிடம் வரும் வழக்குகளில் நிறைய இந்த ரகம்தான். வேலையை விட்டுப் போனவர், ஊருக்குப் போன மச்சான், கணக்குத் தீராத டிசைனர் என்று ஆள்தான் மாறும். உங்கள் கடைப் பக்கம் யாருடைய நம்பரில் இருக்கிறது? இந்தப் பேச்சு முடிந்ததும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது, பெயர் ஒற்றுமை. முருகன், பாலாஜி, அம்மன் என்று சாமி பெயரில் பட்டறை வைத்தால், அதே பெயர் கோயம்புத்தூரிலும் இருக்கும், கோலாலம்பூரிலும் இருக்கும். வல்லம் பக்கத்து பிரஸ் ஷாப்காரர் ஒருவர், கோவை மோட்டார் பம்ப் கடைக்காரர்மேல் புகார் கொடுக்கத் துடித்தார். அந்தக் கடை இவர் பட்டறையைவிட மூத்தது. “அண்ணே, புகார் கொடுத்தா நம்ம பேருதான் போகும்” என்று சொல்லி, பெயரோடு வல்லம் என்று சேர்க்கவைத்தேன். முகம் சுளித்துக்கொண்டேதான் சம்மதித்தார். இப்போது வல்லம் என்று தேடுகிறவர்கள் நேராக அவரிடம்தான் வருகிறார்கள்.

நம் பெயரையும் லோகோவையும் போட்டு நம் வாடிக்கையாளரையே ஒருவர் இழுத்தால், அது வேறு சங்கதி. அப்போது தளத்தின் வணிகக்குறிப் புகார்ப் படிவம் இருக்கிறது. பதிவு எண், எந்த வகுப்பில் (அதாவது எந்தப் பொருள் அல்லது சேவை வகையில்) பதிவு, அவர் செய்யும் குழப்பத்தின் ஸ்கிரீன்ஷாட், மூன்றும் வேண்டும். பதிவு அலுவலகம் கிண்டியில் ஜிஎஸ்டி ரோட்டில் இருக்கிறது, ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். உத்யம் சான்று உள்ள சிறுதொழிலுக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவு 10 வருஷம் செல்லும். சும்மா பூட்டிக் கிடக்கிற பெயரை மட்டும் புகார் கொடுத்து எடுத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள், கிடப்பது குற்றமில்லை. “அந்தப் பேரை நான் வாங்கித் தரேன், முன்பணம் அனுப்புங்க” என்று டெலிகிராமில் வருகிறவரை பிளாக் செய்யுங்கள். இன்ஸ்டாகிராமில் கணக்கு விற்பதும் வாங்குவதும் விதிப்படி தப்பு, பணம் போனாலும் கேட்க நாதியில்லை. தளத்தின் குறைதீர் அதிகாரி கைவிரித்தால், 2023-ல் மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாளுக்குள் போகலாம்.

நேரம் ஆகிவிட்டது, நிலையத்தார் கண் காட்டுகிறார்கள். ஆனால் ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு நம் பகுதிக்கு வேலை தேடி வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பெரிய கம்பெனியின் பெயரோடு ‘ஜாப்ஸ்’, ‘ஹெச்ஆர்’ என்று ஒட்டிக்கொண்டு வரும் பக்கங்களில் யூனிஃபார்முக்கு, மெடிக்கலுக்கு என்று பணம் கேட்டால் கட்டாதீர்கள். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிவிட்டீர்களா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை மீட்பது கடினம்.

புதுக்கடை போடப் போகிறவர்கள், பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன்னால் அந்தப் பெயரை இன்ஸ்டாவிலும், யூடியூபிலும், வணிகக்குறித் துறையின் இணையதளத்திலும் தேடிவிடுங்கள். மூன்றிலும் காலியாக இருந்தால் அன்றைக்கே, உங்கள் சொந்த போன் நம்பரில், எடுத்துவிடுங்கள். உங்களில் நாலு பேராவது என்னிடம் வரத் தேவையில்லாமல் போனால் எனக்குச் சந்தோஷம்தான்.