மண்ணிற் சேரும் உலோக நஞ்சு: கொக்கோச் செய்கை தரும் பாடம்



நெல்லும் மரக்கறியும் செய்கை பண்ணும் உங்களிடம் கொக்கோவைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். எனினும், தென் அமெரிக்கக் கொக்கோத் தோட்டங்களுக்கு நேர்ந்த இடர் எந்த வயலுக்கும் நேரக்கூடியது.

ஈக்குவடோர், பெரு ஆகிய நாடுகளிற் கொக்கோ பயிராகும் சில பகுதிகளின் மண்ணிலே கட்மியம் என்னும் உலோகம் இயற்கையாகவே மிகுந்துள்ளது. சிலவிடங்களில் சுரங்கக் கழிவும் பொசுபேற்றுப் பசளையும் அதனை மேலும் கூட்டுகின்றன. மரத்தின் வேர் அதனை உறிஞ்சி இலைக்கும் வித்துக்கும் அனுப்புகின்றது. உதிர்ந்த இலை மக்கும்போது அது மேல்மண்ணுக்கே திரும்புகின்றது. மரம் செழிப்பாகவே நிற்கும்; கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. ஆனால், நெடுங்காலம் உட்கொள்வோரின் சிறுநீரகத்தில் அது தங்கிப் பழுது விளைக்கும்.

இதன்பொருட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டில் எல்லை விதித்து, 2019 சனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. கொக்கோ 50 சதவீதமோ அதற்கு மேலோ கொண்ட சொக்கிலேற்றில், 1 கிலோகிராமுக்கு 0.80 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கட்மியம் இருத்தலாகாது. தவறேதும் செய்யாத கமக்காரரின் விளைபொருளும் இதனால் விலைபோகாது நிற்க நேரலாம்.

ஈயம் பெரும்பாலும் வேறு வழியில் வருகின்றது. கொக்கோ வித்தைத் திறந்த வெளியில் உலரவிடும்போது, மண்ணும் தூசியும் அதன் கோதில் ஒட்டுகின்றன. அவற்றோடு ஈயமும் ஒட்டிக்கொள்கின்றது. ஆகவே, ஒரு நஞ்சு வேர்வழியாகவும் மற்றது உலர்களத்திலும் புகுகின்றது.

நெல்லும் இதற்கு விலக்கன்று. யப்பானில் கமியோகா சுரங்கத்தின் கழிவு ஜின்சு ஆற்றிற் கலந்து, தோயாமா மாகாணத்து வயல்களில் ஏறியது. அந்நெல்லை உண்டோரின் எலும்புகள் நொறுங்கின. அந்நோய்க்குக் காரணம் கட்மியமே என யப்பான் அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. வயல்களின் மண்ணைச் சீர்திருத்தும் வேலை 1979இல் தொடங்கி 2012இலேயே நிறைவெய்தியது. சேறு கெடுவது எளிது. அதைத் திருத்துவதற்கு ஒரு தலைமுறை செல்லும் என்பதை இதனால் உணரலாம்.

ஆதலால், பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்.

முதலாவதாக, பொசுபேற்றுப் பசளையை மண் பரிசோதனையின்படி வேண்டிய அளவே இடுங்கள். அப்பசளையில் சிறிதளவு கட்மியம் கலந்திருக்கலாம். மிகையாக இடுவதால் பணமும் வீண், மண்ணும் கெடும்.

இரண்டாவதாக, புளிப்பு மிகுந்த மண்ணிற் பயிர் கட்மியத்தை எளிதில் உறிஞ்சும். மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் உள்ளோர் பரிசோதனைக்குப் பின் சுண்ணாம்போ தொலமைற்றோ இட்டுப் புளிப்பைத் தணிக்கலாம். நன்கு மக்கிய சாணமும் கூட்டெருவும் உலோகத்தைப் பிடித்துவைத்துப் பயிருக்குச் செல்லாது தடுக்க உதவும்.

மூன்றாவதாக, பழைய பற்றரி, தீந்தை, கழிவெண்ணெய் கலந்த நகரக் குப்பையை எருவாக்காதீர்கள். தொழிற்சாலைக் கழிவுநீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சாதீர்கள். கீரை வகைகள் காய்களைவிட மிகுதியாகக் கட்மியத்தை ஏற்கும் என்பதை மறவாதீர்கள்.

நான்காவதாக, நெல்லைத் தார்வீதியில் உலர்த்தாது, படங்கிலோ பாயிலோ, வாகனப் புழுதி படாத களத்தில் உலர்த்துங்கள். கீரையை நன்கு கழுவியே சந்தைக்கு அனுப்புங்கள்.

கதிர் வெளிவரும் காலத்தில் வயலில் நீர் நிறுத்தினால் கட்மியம் மண்ணிலுள்ள கந்தகத்தோடு கட்டுண்டு, நெல்லில் ஏறுவது குறையும். ஆனால், ஆசனிக்கு உள்ள மண்ணில் அதே நீர் ஆசனிக்கை நெல்லில் ஏற்றிவிடும். எனவே, ஐயமுள்ள வயலின் மண்ணை முதலிற் பரிசோதிப்பித்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி நீர் கட்டுங்கள்.

பூச்சிமருந்துகள் பல நாளடைவிற் சிதைந்து மறையும். உலோகம் அவ்வாறு மறைவதில்லை. இன்று நிலத்தில் நீங்கள் இடுவதை நாளை உங்கள் பிள்ளைகள் உண்பர். அதனை உள்ளே விடாது காப்பதே மிகக் குறைந்த செலவுள்ள பரிகாரமாகும்.