பெயர் ஒன்று, புழுக்கள் ஆறு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மங்கல மேடையில் புழுவைப் பற்றிப் பேச வந்தானே என்று சிலர் நகைக்கலாம். நான் விஞ்ஞானி அல்லேன். படித்து வியந்த செய்தியைப் பகிர்ந்துகொள்ளவே வந்தேன்.

முதலில் நம் வீட்டுக் கதை. என் சிறுவயதில் எங்கள் குடியிருப்பில் சுப்பிரமணியம் என்ற பெயருடையோர் இருவர். ஒருவருடைய தாயார் கவலைக்கிடமென்று ஊரிலிருந்து வந்த தந்தி மற்றவர் வீட்டுக்குப் போயிற்று. அவரோ வெளியூர் சென்றிருந்தார். உரியவர் கையில் சேர்வதற்குள் இரண்டு நாட்கள் கடந்துவிட்டன. தந்தியில் தலைப்பெழுத்து இல்லை. தந்தையைச் சுட்டும் அந்த ஓரெழுத்தின் அருமையை அன்று உணர்ந்தோம்.

கடற்புழு ஒன்றுக்கும் இத்தகைய குழப்பம் நேர்ந்தது. அதன் பெயர் கேப்பிடெல்லா கேப்பிடேட்டா. 1780-இல் ஆட்டோ பப்ரிசியஸ் என்னும் அறிஞர் கிரீன்லாந்தில் கண்டு எழுதியது. (சென்னையில் தமிழ் அகராதி தொகுத்த பப்ரிசியஸ் வேறொருவர், இங்கும் பெயர்க் குழப்பம்தான்!) நூல் போல் மெலிந்து, செந்நிறமாய், சேற்றில் வாழும் இது மண்புழுவுக்குத் தூரத்து உறவு. பல நாட்டுக் கரைகளிலும் இத்தகைய புழுக்கள் கிடைக்கவே, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயரைச் சூட்டினர். மாசு மிகுந்து பிற உயிர்கள் மடியும் சேற்றில் இது பெருகும். ஆதலின் மாசுக்குச் சாட்சி கூறும் புழுவாக மதிக்கப்பட்டது.

1969 செப்டம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மேற்கு ஃபால்மவுத் கரையருகே, எண்ணெய் ஏற்றிய சரக்குத் தோணி ஒன்று பாறையில் தட்டிற்று. எண்ணெய் கடலில் பரவி, எண்ணற்ற உயிர்கள் மாண்டன. இப்புழுவோ பெருகிற்று. அதனை ஆராய்ந்த ஜூடித் கிராஸில், ஃபிரெடரிக் கிராஸில் தம்பதியர் வெளித்தோற்றத்தோடு நின்றுவிடவில்லை.

மரபணுவின் கட்டளைப்படியே உடலில் நொதிகள் உருவாகின்றன. புழுவின் சாற்றைக் களி போல் உறைந்த பலகையில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால், நொதிகள் வெவ்வேறு தூரம் நகர்ந்து நிற்கும். மரபணு மாறினால் நிற்கும் இடமும் மாறக்கூடும். புழுக்கள் தம்முள் கூடி இனம் பெருக்கியிருந்தால், அடையாளங்கள் கலந்து காணப்பட வேண்டும். கலப்பே காணவில்லை! 1976-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, ஒரே பெயருக்குள் ஆறு இனங்கள் என்பது.

பிறகு பார்த்தால் முட்டையின் அளவு வேறு. இனம் பெருக்கும் காலம் வேறு. ஒன்றின் குஞ்சு நீரில் நீந்தித் திரியும். மற்றொன்றின் குஞ்சு நீந்தாமலே சேற்றில் குடியேறும். அவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்ட ஓர் இனத்துக்கு 2009-இல்தான் கேப்பிடெல்லா டெலெட்டா எனத் தனிப்பெயர் கிட்டிற்று. இன்று மரபணுவின் எழுத்துகளையே நேராகப் படித்து இனம் பிரிக்கின்றனர்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். ஒரு புழு தாங்கும் நஞ்சின் அளவை, அதே பெயருடைய வேறொரு புழுவின்மேல் ஏற்றிச் சொன்னால், கடற்கரையைப் பற்றிய தீர்ப்பே பிழையாகிவிடும். அக்கரையில் மீன் பிடித்து உண்போர் கதி என்ன? சாட்சி யாரென்று அறியாமல் சாட்சியத்தை ஏற்பது முறையோ?

புழுக்களுக்கு மரபணுவே தலைப்பெழுத்து. அதைப் பாராத வரையில் தந்தி தவறான வீட்டுக்கே போகும். நம் பிள்ளைகளுள் சிலராவது இத்துறையில் புகுந்து நம் நாட்டுக் கடற்கரைச் சேற்றையும் ஆராய வேண்டும் என்பது என் அவா.