மேகமும் விமானமும்

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரில், குட்வில் எஸ்டேட் பகுதியில் வசிப்பவன் நான். வேறு மாநிலங்களில் வாழும் தமிழர் பலர் ரயிலேறிச் சொந்த ஊர் சேரலாம். எங்களுக்கோ நடுவே கடல். சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணிக்குச் சற்று அதிகம்.

ஒரு மழைக்காலத்தில் என் தாயார் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தார். மேகத்துக்கு மேலே விமானத்தின் இரைச்சல் எங்கள் வாசலிலேயே கேட்டது. இரு முறை வட்டமிட்டபின் அவ்வொலி தேய்ந்து மறைந்தது. ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாமையால், விமானி சென்னைக்கே திரும்பிவிட்டார். அவர் செய்தது முற்றிலும் சரியே. ஆயினும், கண் காணாத இடத்தில் வழி சொல்ல வேறொன்றும் இல்லையா என்று என் மனம் கேட்டது.

ஓடுபாதையருகே வானொலிக் கருவிகளை நிறுவி வழிகாட்டுவது பழைய முறை. செயற்கைக்கோள்களைக் கொண்டு வழிகாட்டுவது புதிய முறை. ஆனால் ஜி.பி.எஸ். சமிக்ஞை அயனிமண்டலத்தைக் கடக்கையில் சற்றே தாமதமாகிறது. அதனால் இருப்பிடக் கணக்கில் சில மீட்டர்கள் பிழை நேரலாம். சாலையில் செல்வோருக்கு அது பொருட்டன்று; தரையை நெருங்கும் விமானத்துக்கோ அது உயிர்ப் பிரச்சினை. நம்மைப் போன்ற நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் இத்தொல்லை மிகுதி.

இதற்குப் பரிகாரமாக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து அமைத்ததே 'ககன்'. துல்லியமாக அளந்து குறித்த இடங்களில் நிலையங்கள் நின்று சமிக்ஞையைக் கேட்கின்றன. தம் உண்மையான இடத்துக்கும் சமிக்ஞை காட்டும் இடத்துக்கும் உள்ள வேறுபாடே பிழை. அவ்விவரம் பெங்களூரில் திரட்டப்பட்டு, திருத்தமாகி, புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே விமானத்தை அடைகிறது. 2007-இல் முதற்கட்டச் சோதனை முடிந்தபோது இருந்த எட்டு நிலையங்களில் ஒன்று எங்கள் ஊரில் அமைந்தது. பின்னர் அவை பதினைந்தாயின. 2003-இல் அமெரிக்காவும் 2011-இல் ஐரோப்பாவும் இத்தகைய முறையை விமானங்களுக்கு அளித்தன. இறங்குவதற்கு உயரவழியும் காட்டும் தகுதிச் சான்றினை ககன் 2015-இல் பெற்றது. 2022 ஏப்ரலில், ராஜஸ்தானத்துக் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் இவ்வழியே இறங்கிக் காட்டிற்று.

விமானம் தானாகவே தரை தொட்டுவிடும் என்று எண்ணிவிடலாகாது. தரைக்குச் சில நூறு அடி மேல்வரை ககன் அழைத்துவரும், அதன்பின் விமானி ஓடுபாதையைக் கண்ணாரக் காணவேண்டும், காணாவிடில் மேலெழவேண்டும். விமானத்தில் தக்க கருவியும், அந்தந்த ஊருக்கென வகுத்துச் சோதித்த இறங்குவழியும் வேண்டும். ஓடுபாதையின் ஒருபுறம் குன்று நிற்கும் எங்களூர் போன்ற இடங்களில் இச்சோதனை எத்துணைப் பொறுமையைக் கோரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

திருத்தம் சொல்வதோடு ககனின் பணி முடிவதில்லை. சமிக்ஞை நம்பத்தகாதபோது, "இதனை நம்பாதே" என்று சில விநாடிகளில் எச்சரிப்பதும் அதன் கடமை. அன்று திரும்பிச் சென்ற விமானியும் அத்தகைய எச்சரிக்கைக்குத்தான் செவிசாய்த்தார். மூன்றாம் நாள் வானம் வெளுத்தது. என் தாயார் நலமே வந்திறங்கினார்.